கேஜ் தாங்கும், எலும்புதான் சேரும்

அம்மாவுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்-4 எலும்பு எல்-5 மேல் முன்பக்கமாக நழுவியிருந்தது. தேய்ந்த டிஸ்கை எடுத்துவிட்டு அங்கே ‘கேஜ்’ வைத்து, ஸ்க்ரூவும் ராடும் போட்டு இரண்டு எலும்பையும் சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். கேஜ், ‘பீக்’ என்ற பாலிமராம். “பிளாஸ்டிக்காடி? நீ படிச்சதாச்சே, சொல்லு” என்றாள் அம்மா. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தவள் நான்.

பாலி ஈதர் ஈதர் கீட்டோன் என்பதன் சுருக்கம்தான் பீக். 1970-களின் இறுதியில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் உருவாக்கியது. உருக 343 டிகிரி செல்சியஸ் வேண்டும். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 134 டிகிரி நீராவி அதை ஒன்றும் செய்யாது. முதுகெலும்புக்கு இதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் விறைப்பு. கேஜுக்குப் பயன்படும் இன்னொரு பொருளான டைட்டானியம் உலோகக்கலவைக்கு அது சுமார் 110 ஜிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு 20-க்குள். பீக்குக்கு மூன்று, நான்குதான். அதிக விறைப்பான கேஜ் மேலும் கீழும் உள்ள எலும்பில் அழுந்திப் புதைய வாய்ப்பு அதிகம். எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

குறையும் உண்டு. பீக்கின் மேல் எலும்பு ஒட்டி வளராது. இடையில் நார்த்திசு படர்ந்துவிடலாம். அதனால்தான் டைட்டானியம் பூசிய பீக்கும், 3டி பிரிண்டிங்கில் செய்த நுண்துளை டைட்டானியமும் வந்திருக்கின்றன. “எங்கம்மா எலும்புக்கு எது பொருந்தும், ஏன்?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெரும்பாலான கேஜ்கள் உள்ளே குழிவாக இருக்கும். அதில் அடைக்கும் எலும்புத் துணுக்குகள் வளர்ந்து மேலெலும்பையும் கீழெலும்பையும் இணைப்பதுதான் உண்மையான சிகிச்சை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கேஜின் விலையைப் பற்றி அலசிய நேரத்தில் பாதியை அம்மாவின் சர்க்கரை அளவுக்குக் கொடுத்தோம். எலும்பு சேர அதுதான் அதிகம் உதவியது என்பேன். அதே காரணத்துக்காகப் புகைபிடிப்பவர் கட்டாயம் நிறுத்த வேண்டும். வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் குலுக்கி எடுக்கும் ஷேர் ஆட்டோ கூடவே கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

எக்ஸ்ரேயில் பீக் தெரியாது. எலும்பு வளர்வதை மறைக்காமல் காட்டுவது அதன் பெரிய நன்மை. இடம் தெரிவதற்காக டான்டலம் ஊசிகளைப் பதித்திருப்பார்கள். படத்தில் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, ஏதோ உடைந்து கிடக்கிறதென்று பயப்படாதீர்கள்.

செலவு பற்றி ஒன்று. 2017-ல் ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மாற்று இம்ப்ளான்ட்டுக்கும் மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்தது. அந்த உத்தரவுகளில் கேஜ் இல்லை. ஆகவே கேஜ், ஸ்க்ரூ, ராடு ஒவ்வொன்றின் விலையையும் ஆபரேஷனுக்கு முன்பே தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். நிறுவனம், லாட் எண், உரிம எண் எல்லாம் அதில் இருக்கும். அதை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் “உள்ளே என்ன வச்சிருக்கு?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.