நூலால் ஒரு நூல்: குறைந்த செலவில் கையால் தைத்த பரிசு

கல்வியாண்டின் முடிவில் மூத்த மாணவர்களுக்குப் பிரியாவிடை, தீபாவளிக்குப் பிறகு விரிவுரையாளர் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, விடுதித் தோழியின் பிறந்தநாள், விடுமுறைக்கு ஊர் போகும்போது பாட்டிக்கு ஏதாவது ஒன்று. பரிசு கொடுக்க வேண்டிய இந்த நாள்கள், பி.டி.பி.டி.என். கடன் பணம் கணக்கில் ஏறும் நாளைப் பார்த்து வருவதில்லை. கையிலிருக்கும் ஐம்பது வெள்ளியில் சாப்பாட்டையும் பேருந்தையும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு முதலாண்டு மாணவர், பிரியாவிடை விருந்தன்று தலைவலி என்று சொல்லி அறையிலேயே இருந்துவிடுவார். காரணம் என்னவென்று கழகத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள்.

இதற்கு மருந்தாக, “கையாலேயே ஏதாவது செய்து கொடுங்களேன்” என்று சொல்வார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கையால் செய்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருளை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிச் செய்த படச்சட்டம் அடுத்த அறை மாற்றத்தின்போது குப்பைக்குப் போகும். செலவும் நினைத்த அளவுக்குக் குறைவதில்லை. கைவினைக் கடைக்குள் நுழைந்து நாடா, மினுக்குத் தூள், மணிகள், சூடாக ஒட்டும் பிசின் என்று எடுக்கத் தொடங்கினால் கடையில் விற்கும் பரிசின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே, பத்து விதமான பரிசுகளைப் பட்டியலிடுவதைவிட, தினமும் பயன்படும் ஒரே ஒரு பொருளைச் சரியாகச் செய்வது எப்படி என்று எழுதுவதே இங்கு பொருத்தம் என்று நினைக்கிறேன். நான் தேர்ந்தெடுத்திருப்பது சட்டைப் பையில் அடங்கும், ஊசி நூலால் தைத்த குறிப்பேடு.

தமிழ் மாணவர்களுக்கு இது அந்நியமான வேலையன்று. நம் மொழியில் தைக்கும் இழையும் நூல், படிக்கும் ஏடும் நூல். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் இந்த ஒற்றுமையை விரிவான உவமையாகவே அமைத்திருக்கிறார்: சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் காட்டுவார். இலக்கண வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகிற இடம் அது. ஊசியும் தாளும் கையில் இருக்கும்போது அதை நினைத்துப் பார்ப்பது வேறு அனுபவம்.

நம் முன்னோரின் ஏடு தைக்கப்பட்டதன்று, கோக்கப்பட்டது. பனையோலையை மடித்தால் முறியும். அதனால் ஓலைகளை அடுக்கித் துளையிட்டு, ஒரு துளையில் கயிற்றைக் கோத்துச் சுற்றிக் கட்டினார்கள். ஓலைகள் நகராமலிருக்க மற்றொரு துளையில் நாராசம் என்ற மெல்லிய கம்பியைச் செருகுவதும் உண்டு. கயிறு அறுந்தால் ஓலைகளின் வரிசை குலைந்துவிடும். தாளோ மடியும். மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மடிப்பின் மேலேயே தைத்துவிட்டால் ஒரு தாளும் இடம் மாறாது. கீழே சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த ஒரு வசதியை நம்பியே நிற்கிறது.

தாளின் நாரோட்டம்

பொருள்கள் மிகக் குறைவு: 80 கிராம் ஏ4 தாள், மணிலா அட்டை, தடித்த பருத்தி நூல், பெரிய ஊசி, இரும்பு அடிக்கோல், வெட்டுக்கத்தி. பசை வேண்டாம். நம் நாட்டு ஈரக் காற்றில் மாவுப் பசை பூசணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து.

தாளை எடுத்தவுடன் நடுவில் மடித்துவிடாதீர்கள். பெரும்பாலோர் கவனிக்காத செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. தாளுக்கு நாரோட்டம் உண்டு. தாள் ஆலையில் மரக்கூழ், ஓடிக்கொண்டிருக்கும் சல்லடை மீது பாய்கிறது. அப்போது அதிலுள்ள நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படிந்துவிடுகின்றன. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணும். காரணம் இதுதான். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பருமனில்தான் உப்பும். ஆகவே தாள் நாரோட்டத்துக்குக் குறுக்காகவே விரிகிறது. குளிரூட்டிய விரிவுரை மண்டபத்திலும் வெளியே மழைக்காற்றிலும் மாறி மாறி அலையும் ஒரு குறிப்பேட்டில் நாரோட்டத்துக்குக் குறுக்கே மடிப்பு விழுந்திருந்தால், அதன் பக்கங்கள் அலையடிக்கும், ஏடும் மூடிய நிலையில் நிற்காமல் வாய் பிளக்கும்.

நகலெடுக்கப் பயன்படும் சாதாரண ஏ4 தாளில் நாரோட்டம் பெரும்பாலும் நீளவாட்டில், அதாவது 297 மில்லிமீட்டர் பக்கத்துக்கு இணையாக இருக்கும். அதை நடுவில் மடித்து ஏ5 குறிப்பேடு செய்தால் மடிப்பு நாரோட்டத்தைக் குறுக்கே வெட்டும். ஆனால் அதே தாளை முதலில் நடுவில் வெட்டி இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி மடித்தால், அந்த இரண்டாவது மடிப்பு நாரோட்டத்தின் திசையிலேயே விழுகிறது. கிடைப்பது 105க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ6 குறிப்பேடு. சிறியது, பைக்கு ஏற்றது, தாளும் மிச்சம். சந்தேகமிருந்தால் தாளை மடிக்காமல் இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாகச் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் நீளவாட்டுக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. மணிலா அட்டையில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அட்டை தடித்தது, குறுக்கே மடித்தால் மடிப்பின் மேற்புறம் வெடித்துத் தெரியும்.

தைக்கும் முறை

ஒரு குறிப்பேட்டுக்கு ஐந்து ஏ4 தாள் போதும். வெட்டினால் பத்துப் பாதிகள். மடித்தால் இருபது ஏடுகள், நாற்பது பக்கங்கள். இதற்கு மேல் அடுக்கினால் மடிப்பு உப்பிக்கொள்ளும். பாதிகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து மடித்து, மடிப்பைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள். நகத்தால் தேய்த்தால் தாள் பளபளத்துக் கறுக்கும். பிறகு பத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, 22 சென்டிமீட்டர் நீளமும் தாளின் உயரமும் கொண்ட அட்டையை மடித்து மேலே போர்த்துங்கள்.

தடித்த பழைய புத்தகம் ஒன்றை நடுவில் திறந்து வைத்தால் அந்தப் பள்ளமே நல்ல தொட்டிலாகும். குறிப்பேட்டை விரித்து அதில் படுக்க வைத்து, மடிப்புக் கோட்டின் மேல் மூன்று துளைகள் இடுங்கள்: ஒன்று நட்ட நடுவில், மற்ற இரண்டும் மேல், கீழ் ஓரங்களிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி. ஊசியை உள்ளிருந்து வெளியே, நேர் செங்குத்தாக இறக்க வேண்டும். சாய்ந்தால் வெளியே துளை மடிப்பை விட்டு விலகி நிற்கும். முதுகில் தையல் கோணலாகத் தெரியும்.

நூல் 45 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். அதை ஒரு மெழுகுவத்தித் துண்டின் மேல் இரண்டு முறை இழுத்தால் சிக்காது, முடிச்சும் வழுக்காது. சட்டை தைக்கும் மெல்லிய நூலை ஒற்றையாகப் பயன்படுத்தாதீர்கள், அது நாளடைவில் தாளை அறுத்துவிடும். ஊசியை உள்பக்கத்திலிருந்து நடுத்துளை வழியாக வெளியே விடுங்கள். ஒரு விரல் நீள வால் உள்ளே இருக்கட்டும். வெளியே வந்த ஊசி மேல்துளை வழியாக உள்ளே போகட்டும். உள்ளே வந்ததும் நடுத்துளையைத் தாண்டி நேரே கீழ்த்துளைக்குப் போய் வெளியேறட்டும். வெளியிலிருந்து மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வரட்டும். இப்போது உள்ளே ஒரு நீண்ட தையல் ஓடுகிறது. நூலின் இரு முனைகளும் நடுத்துளை அருகே இருக்கின்றன. இரண்டும் அந்த நீண்ட தையலின் இரு பக்கமும் நிற்கும்படி வைத்து, மடிப்பின் திசையிலேயே இழுத்து இறுக்கி, தையலை உள்ளடக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள். மடிப்புக்குக் குறுக்கே இழுத்தால் துளை கிழியும். முனைகளை ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் தையல் முடிந்தது. இவ்வளவுதான்.

மூடிப் பார்த்தால் நடுத்தாள்கள் வெளிப்புறத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் ‘வீட்டில் செய்தது’ என்று பார்த்தவுடன் தெரிய வைக்கும். அடிக்கோலை அழுத்திப் பிடித்து, கத்தியால் ஏழெட்டு முறை லேசாக இழுத்து அட்டையும் தாளுமாகச் சேர்த்துச் சமன்படுத்துங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் தாள் நகரும், விரலும் போகும். பிறகு ஓர் இரவு கனமான புத்தகங்களின் அடியில் வைத்துவிடுங்கள்.

கணக்கு

ஐந்நூறு தாள் கொண்ட ஒரு கட்டு பதினைந்து வெள்ளி என்று கொள்வோம். முப்பது குறிப்பேட்டுக்கு 150 தாள், அதாவது 4 வெள்ளி 50 காசு. ஒரு மணிலா அட்டையில் எட்டு அல்லது ஒன்பது மேலட்டை கிடைக்கும். நான்கு அட்டை, தாராளமாக 4 வெள்ளி. நூலுக்கும் ஊசிக்கும் 7 வெள்ளி. மொத்தம் பதினாறு வெள்ளிக்குள், ஒரு குறிப்பேட்டுக்கு ஐம்பது காசை ஒட்டி வருகிறது. விலை கடைக்குக் கடை மாறும். விகிதம் அதிகம் மாறாது.

ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் செய்வதானால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். கட்டுத் தாளும் அடிக்கோலும் கத்தியும் வாங்கி ஒரேயொரு குறிப்பேடு செய்பவருக்குக் கடையில் வாங்குவதே மலிவு. எனவே இது தனி மனிதர் வேலையாக இல்லாமல் கழகத்தின் வேலையாக இருப்பது நல்லது. கழக அறையில் ஆறு பேர் உட்கார்ந்து, இருவர் வெட்ட, இருவர் மடிக்க, இருவர் தைக்க, ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் முப்பதும் முடிந்துவிடும். அன்று வந்து இரண்டு மணி நேரம் தைத்தவர் விருந்துக்கு வெறுங்கையோடு வந்ததாக யாரும் நினைக்க வழியில்லை. இதையும் தேர்வு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

திருமணத்துக்கு மட்டும் இதை எடுத்துச் செல்ல வேண்டாம் என்பேன். மொய் என்பது நம் குடும்பங்களில் கைமாற்றுப் போன்றது. மண்டப வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் அந்த உறைகளை நம்பி ஏற்றுக்கொண்ட பெற்றோர்கள் இருக்கிறார்கள். பத்து வெள்ளியானாலும் உறையில் வைத்துக் கொடுங்கள். குறிப்பேட்டைத் தனியாக ஒரு நாள் கொடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன

வெற்றுக் குறிப்பேடே நல்ல பரிசுதான். ஆயினும் தைப்பதற்கு முன் தாள்கள் தனித்தனியாக இருக்கின்றன என்பதைப் பயன்படுத்திக்கொண்டால் கடையில் கிடைக்காத ஒன்றைச் செய்யலாம். பிரியாவிடைக்கு என்றால் பத்து மடிப்புத் தாள்களையும் பத்துப் பேரிடம் ஒரே நேரத்தில் கொடுத்து எழுதச் சொல்லலாம். ஒரே ஏடு கைமாறிக் கைமாறி யாரோ ஒருவரின் பையில் தங்கிவிடும் தொல்லை இல்லை. ஒரு தாளில் நான்கு பக்கம் வரும். அவை அடுத்தடுத்து வராது: வெளித்தாளில் 1, 2, 39, 40, உள்தாளில் 19, 20, 21, 22. ஆகவே முதலில் பென்சிலால் பக்க எண் போட்டுவிட்டுக் கொடுங்கள். யாராவது மையைக் கொட்டினாலும் அந்த ஒரு தாளை மாற்றினால் போதும்.

பாட்டிக்குச் செய்வதானால் தொலைபேசி எண் ஏடு செய்யுங்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பல பாட்டிமார்கள் தமிழை நன்றாக வாசிப்பார்கள். பேரப்பிள்ளைகளோ அவர்களின் கைப்பேசியில் எல்லாப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் சேமித்து வைத்திருப்போம். தனியாக இருக்கும் நேரத்தில் மயக்கம் வந்தால் யாரை அழைப்பது என்று தேட அவர்களால் முடியாது. முதல் பக்கம் முழுவதும் 999 மட்டும் இருக்கட்டும். அடுத்துப் பக்கத்துக்கு மூன்று பெயர்கள், கண்ணாடி இல்லாமலே தெரியும் அளவில். அகர வரிசை வேண்டாம். அவர் யாரை அடிக்கடி அழைப்பாரோ அவர் முதலில். அடையாள அட்டையில் உள்ள பெயரும் வேண்டாம்; அவர் வாயில் வரும் பெயரையே எழுதுங்கள்: பெரியவன், சிலிம் ரீவர் அக்கா, டாக்சிக்காரத் தம்பி, கிளினிக் மிஸ்ஸி. கடைசி நான்கு பக்கங்களில் கிளினிக் தேதிகளும், காலை மாலை மாத்திரைகளும், தாத்தாவின் திதியும் இருக்கலாம். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகையால் பெயரைப் பேனாவிலும் எண்ணைக் கறுப்புப் பென்சிலில் அழுத்தமாகவும் எழுதி, ஓர் அழிப்பானையும் சேர்த்துக் கொடுங்கள்.