இஞ்சின் எண்ணெயை மாற்ற வேண்டிய காலம்

டிராக்டரும் மோட்டார் காரும் நீர் இறைக்கும் டீசல் இஞ்சினும் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் டீசல் விலையைப்பற்றி விசாரிக்குமளவு இஞ்சினுக்குள் கிடக்கும் மசகெண்ணெயைப்பற்றி விசாரிப்பதில்லை. எண்ணெய் குறைந்தால் மேலும் கொஞ்சம் ஊற்றிவிட்டால் போதுமென்று பலரும் எண்ணுகின்றனர். குறைவது ஒரு தீங்கு; கெடுவது வேறொரு தீங்கு. கெட்ட எண்ணெயின்மேல் புது எண்ணெயை ஊற்றினால் புதியதும் விரைவில் கெடுமேயன்றிப் பழையது நன்றாகிவிடாது.

எண்ணெயின் வேலை உராய்வைத் தடுப்பது மட்டுமன்று. பிஸ்டன் ரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையேயுள்ள சந்தை அது அடைக்கிறது. தண்ணீர் சென்று எட்டாத பேரிங்குகளின் சூட்டை வாங்கிக்கொள்ளுகிறது. கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் ஏந்திச் செல்லுகிறது. இஞ்சின் நிற்கும் காலத்தில் துருப்பிடியாமல் காக்கிறது. இவ்வளவு வேலையும் செய்கையில் சூட்டினாலும் காற்றினாலும் அது தடித்துப் புளிக்கிறது. முழுதும் எரியாத டீசல் உள்ளே வடிந்தால் நீர்த்துப்போகிறது. எரிபொருளிலுள்ள கந்தகம் எரிந்து ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகிறது. இந்தியாவில் 2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று விதித்திருப்பதால் இந்தத் தொல்லை முன்னிலும் குறைந்திருக்கிறது, மற்றவை குறையவில்லை.

நிறத்தைக் கண்டு தீர்மானிப்பது பெரும் பிசகு. டீசல் இஞ்சினில் புது எண்ணெய் ஊற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கரியை அடியில் தங்கவிடாமல் தன்னிடத்திலேயே மிதக்கவைத்துக்கொள்ளும் மருந்துகள் அதில் கலந்திருப்பதே இதற்குக் காரணம். 1930-களில் அமெரிக்காவில் டீசல் டிராக்டர்களின் பிஸ்டன் ரிங்குகள் கரி படிந்து ஒட்டிக்கொண்டதனாலேயே இத்தகைய எண்ணெய்கள் தோன்றின. ஆகவே கறுத்த எண்ணெய் தன் வேலையைச் செய்கிறதென்றே கொள்ளலாம். ஆனால் அந்த மருந்துகள் செலவழிந்துபோனதைக் கண் காட்டாது. கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள் இரண்டு: எண்ணெய் மோர்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது. இரண்டிலும் இஞ்சினை ஓட்டாமல் நிறுத்திப் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படியானால் எதைக்கொண்டு கணக்கிடுவது? ஓடிய மணியைக்கொண்டே. நம் நாட்டு டிராக்டர்கள் பலவற்றிற்குப் புதிதில் 50 மணி ஓடியதும் ஒருமுறையும், பின்னர் 250 மணிக்கு ஒருமுறையும் மாற்றும்படி செய்தவர்கள் சொல்லுகின்றனர். தத்தம் வண்டியின் புத்தகத்தில் உள்ளதே முடிவு. நாளொன்றுக்கு 8 மணி வாடகைக்கு ஓடும் டிராக்டர் ஏறக்குறைய ஒரு மாதத்தில் 250 மணியை எட்டிவிடும். சம்பா நடவுக்குச் சேற்றுழவு ஓட்டும் நாட்களில் “பருவம் முடியட்டும்” என்று தள்ளிப்போடுவது வழக்கம். இஞ்சின் மிகவும் பாரமிழுப்பதும் அந்நாட்களிலேதான். வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும்போது கிராங்க் ஷாப்ட் தேய்ந்து வண்டி பட்டறையில் கிடந்தால் போகும் பருவத்திற்கு முன், சில லிட்டர் எண்ணெயின் விலை ஒரு பொருட்டன்று.

குறைவாக ஓடும் இஞ்சினுக்கு வேறு கணக்கு. சொந்த நிலத்தை மட்டும் உழும் டிராக்டர் வருஷத்தில் 250 மணி ஓடாமலே போகலாம். கிராம அலுவலரின் கார் வீட்டிலிருந்து கச்சேரிக்கு இரண்டு மைல் போய்த் திரும்பி, எண்ணெய் நன்கு சூடேறுமுன்பே நின்றுவிடும்; உள்ளே வியர்த்த நீர் ஆவியாகிப் போகாது தங்கிவிடும். இவற்றிற்கு வருஷம் ஒருமுறையேனும் மாற்றுதல் அவசியம். இக்காலத்துப் பெட்ரோல் கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இவற்றில் எது முந்தியோ அதுவே கெடு. புழுதிச் சாலையிலும் சிறு தூரங்களிலுமே ஓடும் காருக்கு அக்கெடுவைக் குறைத்துக்கொள்ளுதல் நலம். எவ்வண்டிக்கும் காற்று வடிகட்டியைச் சுத்தமாய் வையாவிடில் புழுதி உட்புகுந்து நல்ல எண்ணெயையும் அரைக்கும் சாந்தாக்கிவிடும். கதிரடிக்கும் நாட்களில் இதை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் டப்பாவில் 15டபிள்யூ-40 என்பதுபோல் குறித்திருக்கும். முதல் எண் குளிரில் ஓடும் தன்மையையும், பின் எண் இஞ்சின் சூட்டில் நிற்கும் தடிப்பையும் காட்டும். தடித்ததே மேலானதென்று நினைத்துப் புத்தகத்தில் சொல்லாத எண்ணை வாங்கலாகாது.

மாற்றும்போது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினைச் சிறிது ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். பிறகு இஞ்சினை நிறுத்தி அடித் திருகைக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை விடவேண்டும். பில்டரையும் கூடவே மாற்றுக. பழைய பில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, புதிய வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்குக. திருகின் வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுக. ஊற்றியபின் சில நிமிஷம் மெதுவாக ஓட்டி, கசிவு பார்த்து, நிறுத்திச் சற்றுப் பொறுத்து அளவுக் கம்பியில் பார்க்க வேண்டும். இரு கோடுகளுக்கு மேல் நிரப்புவதும் கெடுதலே. மணிக்கணக்கையும் தேதியையும் வண்டியிலேயே எழுதிவைத்தல் நன்று. ஓட்டுபவர் மாறினாலும் கணக்கு மாறாது.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டுவோர் இன்றும் உண்டு. அதில் ஈயம் முதலிய உலோகத் துகளும், புற்றுநோய்க்கு இடங்கொடுக்கும் பொருள்களும் கலந்திருக்கக்கூடும். கறையானுக்கென்று மாட்டுக் கொட்டகை மரத்தில் பூசுவதும், புண்ணில் தடவுவதும் கூடா. கையில் பட்டால் சவுக்காரமிட்டுக் கழுவ வேண்டும். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி இது அபாயக் கழிவாதலால், மூடியுள்ள கேனில் தண்ணீர் கலவாமல் சேர்த்துவைத்து, சுத்திகரிப்பாருக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.