பரணில் கிடக்கும் பல் உருளை எதற்கு?

பழைய வீடுகளின் பரணிலும், மாட்டுக் கொட்டகை மூலையிலும் துருவேறிய கைக்கருவி ஒன்று சில சமயம் அகப்படும். நீண்ட கைப்பிடி, அடியில் பற்கள் வைத்த இரும்பு உருளை, அதன் முன்னால் ஒரு தகடு. இளைஞர்களுக்கு அது என்னவென்று தெரிவதில்லை. பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். விற்குமுன் அதைச் சற்றுக் கவனித்துப் பார்ப்பது நல்லது.

இனம் காணும் முறை

முதலில் முன்தகட்டைப் பார்க்க வேண்டும். அது அகன்று, நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால், கருவி சேற்றில் அமிழாமல் தாங்கும் மிதவை என்று அறியலாம். எனவே அது நஞ்சைக் கருவி. மிதவை இல்லாமல், முன்னால் பல் சக்கரமும் பின்னால் வெட்டுத் தகடும் இருந்தால் அது புஞ்சைக் களைக்கருவி.

அடுத்து உருளையின் அகலம். ஒரு சாணுக்குக் குறைவாக இருந்தால், இரண்டு நெல் வரிசைகளுக்கு இடையே ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். இதுவே சுழல் களைக்கருவி. 1950-களில் ஜப்பானிய முறை நெல் சாகுபடி பரப்பப்பட்டபோது, வரிசை நடவுடன் சேர்ந்து இக்கருவியும் வந்தது. வரிசை நடவு கைவிடப்பட்ட இடங்களில் கருவிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இன்று திருந்திய நெல் சாகுபடியில் பயன்படும், இரு கூம்பு உருளைகள் கொண்ட கோனோவீடரும் இதே இனத்தைச் சேர்ந்ததே.

பயன்படுத்தும் முறை

துருவைச் சுரண்டி, அச்சுக்கு எண்ணெய் விட்டு, உருளை தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். உளுத்துப்போன கைப்பிடியை மாற்றிவிட வேண்டும்.

திருந்திய முறையில் 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட்ட வயலில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டலாம். நட்ட 10-ஆம் நாள், களை சிறிதாக இருக்கும்போதே தொடங்கி, 10 நாட்களுக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும். வயலில் சிறிதளவு நீர் இருந்தால் போதும். கருவியை முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்தால் களைகள் சேற்றில் அமுங்கி மட்கி உரமாகும். மண் கிளறப்படுவதால் வேருக்குக் காற்றோட்டமும் கிடைக்கும். தூரை ஒட்டிய களைகளைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

வரிசையின்றி நட்ட வயலில் இதை ஓட்டினால் பயிர் மிதிபடும், பயிரும் சேதமாகும். ஆகவே, கருவி கையில் இருப்பவர்கள் நடவன்றே கயிறு பிடித்து வரிசையாக நடுவது அவசியம். களையெடுக்க ஆள் கிடைக்காமல் அல்லல்படும் சிறு விவசாயிகளுக்குப் பரணில் உள்ள இந்தக் கருவி இன்றும் கைகொடுக்கும்.