வீட்டைப் படம் எடுக்க எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: ஃபேர்லேண்ட்ஸில் அப்பா 1984இல் கட்டிய தனி வீட்டை, நானும் அமெரிக்காவில் இருக்கும் அண்ணனும் சேர்ந்து விற்கப் போகிறோம். 7 சென்ட், வடக்குப் பார்த்த மனை. இரண்டு கோடி எதிர்பார்க்கிறோம். நல்ல போட்டோ, வீடியோ இல்லாமல் விளம்பரம் போடக் கூடாது என்கிறார் அண்ணன். விசாரித்ததில் ஒருவர் போட்டோவுக்கு மட்டும் 6,000 ரூபாய் சொன்னார். இன்னொருவர் போட்டோ, வீடியோ, டிரோன் எல்லாம் சேர்த்து 22,000 கேட்கிறார். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் 360 டிகிரி டூரோடு 48,000 என்கிறார்கள். யார் சொல்வது நியாயமான விலை?
— வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: மூன்று பேரும் மூன்று வேறு சரக்கை விற்கிறார்கள். அதனால் விலையை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் வீட்டை வாங்கப் போகிறவர் யார் என்று யோசியுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸில் நாற்பது வயதான தனி வீட்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை போடுவார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார். ஆஸ்பத்திரிகள் நிறைந்த பகுதி என்பதால் கிளினிக் வைக்கலாமா என்றும் கணக்குப் போடுவார். அவருக்கு மொசைக் தரைமேல் மெல்ல ஊர்ந்து போகும் கேமராவும் பின்னணியில் வயலினும் எதற்கு? வீட்டு முன் ரோடு எத்தனை அடி, கார் திரும்புமா, காம்பவுண்டு சுவர் யாருடையது, போரில் தண்ணீர் வருகிறதா, மேட்டூர்த் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் படத்தில் தேடுவார். இவை தெரியும்படி எடுத்த இருபது படங்கள் போதும்.

ஆகவே 6,000 சொன்னவரிடமே மறுபடி பேசுங்கள். அந்தப் பணத்தில் என்னென்ன அடங்கும் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தி முடித்த படங்கள் எத்தனை, எத்தனை நாளில் தருவார், சுவரின் செங்குத்துக் கோடுகளை நேராக்கித் தருவாரா, ஜன்னல் வழியே தெரியும் வெளிச்சமும் அறைக்குள் உள்ள இருட்டும் ஒரே படத்தில் சரியாக வருமா? கடைசிக் கேள்வியிலேயே ஆள் தெரிந்துவிடும். ஒரே கோணத்தை மூன்று, நான்கு வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாக்க வேண்டிய வேலை அது. வீட்டில் மூன்று மணி நேரம் எடுத்தால், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாள் போகும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு நாளுக்குத்தான். 'வைட் லென்ஸ் போட்டு ஹாலைப் பெரிசாக் காட்டிடறேன்' என்று பெருமையாகச் சொல்கிறவர் வேண்டாம். நேரில் வந்து பார்க்கிறவர் ஹாலில் கால் வைத்ததுமே விலையைக் குறைக்கத் தொடங்குவார்.

வீடியோவை நீங்களே எடுக்கலாம். போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, தெருமுனையில் தொடங்கி கேட், போர்ட்டிகோ, ஹால், அறைகள், பின்பக்கம், மொட்டை மாடி என்று வெட்டாமல் நான்கு நிமிடம் நடந்தால் போதும். ஒவ்வோர் இடத்திலும் அது என்ன என்று நீங்களே சொல்லிக்கொண்டு போங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே மனை தேடுகிறவர்கள் பாட்டுப் போட்ட வீடியோவைவிட இதை நம்புவார்கள். பூஜை அறை, பீரோ, குடும்பப் படங்கள், பத்திரத்தின் பக்கங்கள் எதுவும் அதில் வர வேண்டாம்.

மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் மலை தெரிந்தால் அதை மாலையில் எடுக்கச் சொல்லுங்கள். மலை வடக்கே இருப்பதால் மேற்கு வெயில் அதன் மேல் நன்றாக விழும். ஃபேர்லேண்ட்ஸ் மனையை விற்க டிரோன் தேவையில்லை. சுற்றிலும் தண்ணீர்த் தொட்டிகளும் கேபிள் வயர்களும்தான் தெரியும். 360 டூர் புது அபார்ட்மென்டுக்கும், பெங்களூர் போல வாங்குகிறவர் தூரத்தில் இருக்கும் ஊருக்கும் பொருந்தும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மேட்டர்போர்ட் போன்ற டூர்கள் சந்தாவில் ஓடுகின்றன. சந்தா நின்றால் லிங்க்கும் நின்றுவிடும். யார் கணக்கில் இருக்கும், எத்தனை மாதத்துக்கு என்று கேட்காமல் 48,000 கொடுப்பது வீண்.

உங்கள் அண்ணன் சொல்வதும் தப்பில்லை. அமெரிக்காவில் வீட்டை விற்றுத் தரும் ஏஜென்டே போட்டோவுக்கு ஏற்பாடு செய்வது வழக்கம். படங்களின் உரிமையைப் பெரும்பாலும் போட்டோகிராபர் தன்னிடமே வைத்துக்கொள்வார். நம் சட்டம் வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். மாறாக ஒப்பந்தம் இருந்தால் மட்டும் வேறு. எனவே 'காப்பிரைட் எங்களுக்கே' என்ற வரி உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். புரோக்கரை மாற்றினால்கூட அதே படங்களை அடுத்தவருக்கும் கொடுக்க உங்களுக்கு உரிமை வேண்டும்.

இன்னும் ஒன்று, வரி. 22,000 என்றவர் ஜிஎஸ்டி தனி என்றால் 18 சதவீதம் சேர்ந்து 25,960 ஆகும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் குறைவாக வரவு உள்ளவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் பதிவு எண் இல்லாதவர் வரி என்று உங்களிடம் வாங்கவும் கூடாது.

அவசரம் இல்லையென்றால் மார்கழி வரை பொறுங்கள். சேலத்தில் வீட்டைப் படம் எடுப்பவர்கள் பலரும் கல்யாண வீட்டுக் கேமராக்காரர்கள்தான். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, அவர்களுக்கும் கை சும்மா இருக்கும். அப்போது கேட்டால் ரேட் இறங்கும், பொறுமையாகவும் எடுப்பார்கள். மழை முடிந்து மரங்கள் பச்சையாக இருக்கும். தை பிறந்ததும் விளம்பரம் போடலாம். ஆடியும் இதே கணக்குத்தான். ஆனால் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் யாரையும் பிடிக்க முடியாது.

இரண்டு கோடிக்கு ஒரு சதவீதம் புரோக்கர் கமிஷன் கொடுத்தால் இரண்டு லட்சம். அதைப் பார்க்கும்போது 22,000 சின்னத் தொகைதான். ஆனால் தேவையில்லாததற்குக் கொடுத்தால் சின்னத் தொகையும் வீண்தானே. என் கணக்கில் உங்கள் வீட்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மிச்சப் பணத்தில் ஒரு சர்வேயரை வைத்து மனையை அளந்து, அளவு போட்ட வரைபடத்தை விளம்பரத்தில் சேருங்கள்.

கேள்வி: ஓமலூர் பக்கம் மூன்று ஏக்கரில் மனைப்பிரிவு போடுகிறோம். அனுமதி வருவதற்குள் டிரோன் வீடியோ எடுத்து ரீல்ஸ் விட்டுவிடலாமா?
— வாசகர், ஓமலூர்

பதில்: வேண்டாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்யும் முன் விளம்பரம் செய்வதை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு தடுக்கிறது. ரீல்ஸும் விளம்பரம்தான். மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க முடியும். பதிவான பிறகும் வீடியோவில் பதிவு எண் இருக்க வேண்டும். 'இங்கே நீச்சல் குளம் வரும்' என்று கிராபிக்ஸில் காட்டி, பிறகு கட்டாமல் விட்டால், அதை நம்பி வாங்கியவர் 12ஆவது பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கலாம்.

டிரோன் விஷயத்தில் உங்கள் ஊர் தனி. காமலாபுரம் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வரத் தொடங்கியது. விமானமே வராத இடம்தானே என்று இருந்த காலம் போய்விட்டது. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரத்துக்கு மேல் போக அனுமதி வேண்டும். 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே கேட்டாக வேண்டும். டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். வருகிறவரிடம் டிரோனின் பதிவு எண்ணையும் பார்த்துவிடுங்கள். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைக் காசு வாங்கிக்கொண்டு இயக்கினால் பைலட் சான்றிதழும் வேண்டும். இவை இருக்கிறவரின் ரேட் கூடுதலாகத்தான் இருக்கும். அதற்குப் பேரம் பேச வேண்டாம்.

கேள்வி: அழகாபுரத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். வீடுகளும் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். எவ்வளவு கேட்பது?
— வாசகர், அழகாபுரம்

பதில்: கல்யாணத்துக்குக் கேட்பதுபோல் நாள் கணக்கில் கேட்காதீர்கள். வீட்டுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்: இரண்டு படுக்கை அறை வரை ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வோர் அறைக்கும் இவ்வளவு, மறுபடி வர நேர்ந்தால் இவ்வளவு. சுத்தம் செய்யாமல் கிடக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் பாதிப் பணம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆல்பம், ஃபிரேம் எதுவும் இதில் இல்லை. வேலையெல்லாம் எடிட்டிங்கில்தான், அதற்கு ஆகும் மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். புரோக்கர்கள் மாதம் நான்கைந்து வீடு தருவதாகச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். முதல் வீட்டுக்கு முழுப் பணம் வாங்குங்கள். தள்ளுபடி நான்காவது வீட்டிலிருந்து.