பூட்டிய முகப்புக்குப் பின்னால் இருப்பவர்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்குப் போகிறார். விடியும்போது கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருப்பதால் முகப்பு பூட்டியே கிடக்கிறது. பிரஷர், சுகர் பார்க்க வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கிறது. அப்பாவுக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது. "ஒரு நாள் கூலி போயிடும்" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில் அப்பா. தலைசுற்றலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளியாகக் காட்டலாம். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ, பேச்சு குழறினாலோ, காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கூலியை எண்ணி நிற்கும் நேரமல்ல அது.

அவர் கையையும் காலையும் கூடப் பாருங்கள். டைல்ஸ் வேலையில் கையாளும் ஈர சிமென்ட் தோலை அரிக்கும். சர்க்கரை இருந்தால் அந்த வெடிப்பும் புண்ணும் லேசில் ஆறாது.

இனி உங்கள் பெரிய கேள்வி. பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் வருவது 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில். அது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பிரஷர் கருவியோடு வீட்டுக்கு வந்து பார்ப்பதும், மாதாமாதம் மாத்திரை கொடுப்பதும் அதன் அடிப்படை. தேவையும் பெரிது: 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. திட்டம் நல்ல திட்டம். ஆனால் பகலில் கதவைத் தட்டினால் வீட்டில் இருப்பவர்கள்தான் கிடைப்பார்கள். உங்கள் அப்பா கிடைக்க மாட்டார். செட்டிநாட்டு வீடுகளுக்கோ முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் தட்டிவிட்டுப் போனால் பின்கட்டுக் குடும்பம் கணக்கிலேயே வராது.

இப்படி விடுபடுகிறவர்களையும் கணக்கில் கொண்டுவந்த ஒருவரைச் சொல்கிறேன். வேல்ஸ் நாட்டில் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் இருந்தார். யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதியவர் அவர்தான். எழுதியதோடு நிற்கவில்லை. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஊரில் வயதுவந்தவர்கள் எல்லாருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்து பதிவேட்டில் ஏற்றினார். யார் இன்னும் அளக்கப்படவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பல ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, 65 வயதுக்கு முன் நேரும் இறப்பு பக்கத்து ஊரைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி கட்டி அவர் இதைச் சாதிக்கவில்லை.

நம் ஊர்களிலும் எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண்ணிக்கையைவிட, யாரைப் பார்க்கவில்லை என்ற பட்டியல்தான் முக்கியம் என்பேன். அதை உங்களால் தொடங்க முடியும். உங்கள் தெருவில் பின்கட்டில் இருக்கும் குடும்பங்கள் எத்தனை? பெயர், வயது, எந்த வாசலில் தட்ட வேண்டும், எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கொடுங்கள். வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் ஏற்பாடும் 2024-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. பட்டறையில் ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் கூலியும் போகாது, கூட வேலை செய்பவர்களுக்கும் பார்த்துவிடலாம்.

வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ ஊருக்கு வரும்போது, உங்கள் வீட்டைக் காப்பவர்களின் பெயர் சுகாதார நிலையப் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.