இல்லத்துக் கம்பியில்லா வலையும் அதன் காவலும்

இம்மலருக்கு இலக்கணக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறே மலராசிரியர் என்னைப் பணித்தனர். புணரியலைப்பற்றி எழுதவும் தொடங்கினேன். ஆயினும், பழைய மாணவர் சிலர் தத்தம் இல்லங்களுக்கு வைஃபை இணைப்புப் பெற்று, அதற்குக் காவல் அமைப்பது எங்ஙனமென அடிக்கடி என்னை வினவுகின்றனர். தமிழாசிரியனிடம் இதனை வினவுவானேன் எனின், இவ்விடயத்தில் ஒருமுறை அல்லலுற்றவன் யான் என்பதை அவர்கள் அறிவர்.

2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தவாறே கணினி வழியாகப் பாடஞ் சொல்ல நேர்ந்தது. அதன்பொருட்டு இணைப்பொன்று பெற்று, மறவாதிருத்தற்பொருட்டு என் கைத்தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக இட்டேன். மாதத்துக்கென அளந்து தரப்படும் தரவு, 20ஆந் திகதிக்கு முன்னரே தீரத் தலைப்பட்டது. சாதாரணதர மாணவர் காத்திருக்க, பாடத்தின் நடுவே என் குரல் அறுந்தது. இரண்டு மாதம் இணைப்புத் தந்தோரையே நொந்துகொண்டேன். பின்னர், பழைய மாணவன் ஒருவன் வந்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து காட்டினான். என் வீட்டிலிருந்த கருவிகள் மூன்று. பட்டியலிற் கண்டவை ஒன்பது! என் தொலைபேசி இலக்கம் ஒழுங்கை முழுவதும் அறிந்ததொன்றன்றோ? அவ்விளைஞரை யான் நோகேன். ஆனால், தரவு போவது மாத்திரமன்று பொருள். பிறரொருவர் நம் இணைப்பினூடாகத் தீங்கு செய்யின், முதற்கண் வினாவப்படுபவர் அவ்விணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரே.

வைஃபை என்பது வானொலி அலை. அது மதிலோடு நில்லாது. தெருவிலே நிற்பவனுக்கும் கேட்கும். ஆதலின், செய்தியைப் பிறர் அறியாவண்ணம் மறைகுறியாக மாற்றி அனுப்புதல் வேண்டும். ரவுட்டரின் பக்கத்திற் ‘பாதுகாப்பு’ என்னும் பகுதியிற் காணப்படும் பெயர்கள் யாவும் இம்மறைகுறி முறைகளே. 1997இல் வந்த டபிள்யூ.இ.பி. முறையின் குறைபாட்டை 2001இல் புளூரர், மான்ரின், ஷமீர் என்னும் அறிஞர் மூவர் வெளிப்படுத்தினர். இன்று அது சில நிமிடங்களில் உடைபடும். 2003இல் வந்த டபிள்யூ.பி.ஏ. இடைக்காலப் பரிகாரம். அடுத்த ஆண்டில் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமாயிற்று. உங்கள் கருவிகள் ஏற்குமாயின் இறுதியதையே தெரிக. பழைய கைத்தொலைபேசி ஏதேனும் அதனோடு இணைய மறுப்பின், இரண்டும் மூன்றும் கலந்த முறையைத் தெரியலாம். இரண்டாவதே கிடைக்குமாயின், ஏ.இ.எஸ். என்றிருப்பதைக் கொள்க, டி.கே.ஐ.பி. என்பதைத் தவிர்க்க.

இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு கருதற்பாலது. டபிள்யூ.பி.ஏ.2 முறையில், ஒரு கருவி ரவுட்டரோடு முதலில் இணையும்போது நிகழும் உரையாடலை ஒருவன் ஒட்டுக்கேட்டுப் பதிந்துகொள்வானாயின், பின்னர் வீட்டிலிருந்து ஆறுதலாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். மூன்றாவது முறையிலோ, ஒவ்வோர் ஊகத்தையும் ரவுட்டரிடமே வந்து சோதித்தல் வேண்டும். ஆகவே இரண்டாவதைக் கொண்டிருப்போர்க்குக் கடவுச்சொல்லே முழுக்காவல். என் தொலைபேசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். 07 என்பது யாவரும் அறிந்தது. எஞ்சிய 8 இலக்கங்களில் அமையக்கூடியவை 10 கோடி. விநாடிக்கு இலட்சக்கணக்கில் ஊகிக்கவல்ல கணினிக்கு அது தேநீர் ஆறுமுன் முடியும் வேலை.

இனி, அகராதியைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட நான்கு சொற்களை எடுத்துக்கொள்க. பதினாயிரஞ் சொற்கள் கொண்ட அகராதியாயின், அமையக்கூடியவை ஒன்றின்பின் 16 சுழி இட்ட தொகை. அதே கணினிக்குப் பல நூற்றாண்டு வேண்டும். சொற்களுக்கிடையே பொருட்டொடர்பு கூடாது. திருக்குறளின் முதலடியை இடுவதும் கூடாது, ஏனெனில் ஊகிப்போர் பட்டியலில் அத்தகையனவே முதலில் நிற்கும். இக்கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை அமையலாம். தமிழ் எழுத்தை அஃது ஏற்காமை எனக்கு மனக்குறையே. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் இடுக.

டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியை மறவாது நிறுத்திவிடுக. பொத்தானை அழுத்தியோ, எட்டிலக்க எண்ணொன்றைக் கொடுத்தோ இலகுவில் இணைப்பதற்கென அமைந்தது அது. எட்டிலக்கமாயின் 10 கோடி ஊகம் வேண்டுமே எனலாம். ஆனால் ரவுட்டர் முதல் நான்கையும் பின் நான்கையும் தனித்தனியே சரிபார்க்கின்றது. ஈற்றிலக்கமோ மற்றை ஏழிலிருந்து கணித்துப் பெறப்படுவது. எனவே, 10,000 உடன் 1,000 கூட்ட, 11,000 ஊகங்களே போதும். இதனை 2011 டிசெம்பரில் வீபெக் என்பார் வெளியிட்டார். எத்துணை நெடிய கடவுச்சொல்லை முன்வாசலில் இட்டாலும், இக்கொல்லைக் கதவு திறந்திருப்பின் பயனென்னை?

வலையின் பெயரை மறைத்துவைத்தல், அனுமதிக்கப்பட்ட கருவிகளின் முகவரிகளை மாத்திரம் பதிந்துவைத்தல் ஆகிய இரண்டையுஞ் சிலர் பெரிதாக மெச்சுவர். உங்கள் கைத்தொலைபேசி இணையும்போது அப்பெயர் வெளிப்படையாகவே செல்லும். கருவி முகவரியும் அவ்வாறே, அதனைப் போலியாக இடுதலும் எளிது. வீண் உழைப்பென்பதே என் கருத்து.

வைஃபைக் கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் வேறு. பின்னதைத் தொழிற்சாலையில் இட்டவாறே விட்டுவிடுவோர் பலர், அதனையும் மாற்றுக. ரவுட்டரின் உள்மென்பொருளையும் காலந்தோறும் புதுப்பிக்க. 2017இல் வன்கூஃப் என்னும் பெல்ஜிய ஆய்வாளர் டபிள்யூ.பி.ஏ.2இல் ஒரு வழுவைக் காட்டியபோது, புதுப்பித்தோரே தப்பினர்.

பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் வலை என ஒன்றுண்டு. வந்துபோவோர்க்கு அதன் கடவுச்சொல்லைக் கொடுத்தால், வீட்டுக் கணினிகள் அவர்கட்குப் புலப்படா. ஒழுங்கையிலுள்ள உயர்தர மாணவர் இருவர்க்கு யான் அதனையே வழங்கியுள்ளேன். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அவர்கள் என் விறாந்தையில் அமர்ந்து படிக்கின்றனர். மாத முடிவிலும் தரவு எஞ்சுகின்றது.