கிராக்கி என்றால் வசவா?

கேள்வி: கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டில் எங்களுக்கு மளிகைக் கடை. அப்பா காலத்திலிருந்தே, கடைக்கு வருகிறவர்களைக் 'கிராக்கி' என்றுதான் சொல்லிப் பழக்கம். சென்னையிலிருந்து வந்த என் மருமகள், "மாமா, அது திட்டுகிற வார்த்தை, வாடிக்கையாளர்னு சொல்லுங்க" என்கிறாள். கிராக்கி தமிழ்ச் சொல்தானா? எது சரி?

– ஒரு வாசகர், ராபர்ட்சன்பேட்டை

பதில்: கிராக்கி வடமொழி வழி வந்த சொல். 'கிரஹ்' என்ற வேருக்குப் பிடித்தல், பெறுதல் என்று பொருள். 'கிராஹக' என்றால் பெற்றுக்கொள்பவர். அதுவே இந்தியில் காஹக், மராத்தியில் கிர்ஹாயீக், கன்னடத்தில் கிராக்கி. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் கன்னடக்காரரும் தமிழரும் ஒன்றுபோலச் சொல்வது இதனால்தான். அங்கே அதில் இழிவு ஏதும் இல்லை.

தமிழில் அது ஆளை மட்டுமல்ல, தேவையையும் குறிக்கும். 'தக்காளிக்குக் கிராக்கி' என்கிறோம். அகவிலைப்படிக்கும் கிராக்கிப்படி என்ற பெயர் உண்டு. சென்னையில் 'சாவுகிராக்கி' என்பது வசவு. உங்கள் மருமகளின் காதில் அதுதான் ஒலிக்கிறது. அவர் சொல்வதிலும் பிழையில்லை.

வாடிக்கையாளர் என்பதன் அடி 'வாடிக்கை', அதாவது வழக்கம். கன்னடத்தில் வாடிகெ, தெலுங்கில் வாடுக. மூன்று மொழியும் புழங்கும் உங்கள் ஊரில் இந்த உறவு எளிதில் புரியும். ஆங்கிலக் 'கஸ்டமர்' என்ற சொல்லும் வழக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே. ஆகவே, ஒருமுறை வாங்கிப் போகிறவர் கிராக்கி. மாதாமாதம் உங்களையே தேடி வருகிறவர்தான் வாடிக்கையாளர். 'நுகர்வோர்' வேறு: பொருளைப் பயன்படுத்துபவர். ஒரே ஒருமுறை வாங்கியிருந்தாலும் 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு உரிமை தந்தது. இன்று 2019-ஆம் ஆண்டின் சட்டம் தருகிறது.

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடியபின், உங்கள் ஊர்க்காரர்கள் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பெருநகரக் கடைகளைத் தாண்டி உங்கள் கடைக்கே திரும்பி வருகிறவரை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும்? கடைக்குள் பேச்சுவழக்கில் கிராக்கி இருக்கட்டும். பில்லிலும் பலகையிலும் 'வாடிக்கையாளர்' என்றே எழுதுங்கள். அவர்கள் அந்தப் பெயருக்கு உரியவர்கள்.